மாணவர்கள் செதுக்கிய பல்லை ஸ்கேன் செய்து மார்க் போடுவது, ஆசிரியர் பார்த்துப் போடுவதைவிட நியாயமா?

கேள்வியின் தொனியைப் பார்த்தால், சமீபத்தில் கிரவுன் ப்ரிபரேஷனில் (பல்லுக்கு உறை மாட்ட அதைச் சுற்றிலும் செதுக்கிக் குறைப்பது) மார்க்கில் அடி வாங்கிய பல் மருத்துவ மாணவர் நீங்கள் என்று தோன்றுகிறது. அடித்தது ஸ்கேனரா, ஆசிரியரா? யாராக இருந்தாலும் என் பதில் ஒன்றுதான்: வடிவத்தை அளக்க ஸ்கேனர் மேல், ஆனால் அது போட்ட மார்க்கை அப்படியே எழுதிவிடக் கூடாது.

12 வருடமாக மார்க் போடுகிறேன். எங்கள் துறைக்கு ஸ்கேனர் வந்தபோது எதிர்த்தவர்களில் முதல் ஆள் நான்தான். 'என் கண்ணுக்குத் தெரியாதது இந்தப் பெட்டிக்கா தெரியப்போகிறது' என்று சொல்லவும் செய்தேன். உடன் வேலை செய்பவர் ஒருவர் பதிலே பேசாமல் 20 பிளாஸ்டிக் பல்லை நீட்டினார். மார்க் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அதே பற்களை எண்ணை மாற்றி ஒட்டித் திரும்ப நீட்டியிருக்கிறார், எனக்குத் தெரியாது. 6 பற்களுக்குப் பத்துக்கு இரண்டோ அதற்கு மேலோ மாற்றிப் போட்டிருந்தேன். அதில் ஒரு பல்லுக்கு முதல் தடவை 'டேப்பர் நன்று' (டேப்பர் என்றால் பக்கச் சுவர்கள் மேலே போகப் போகக் குறுகும் சாய்வு), இரண்டாம் தடவை 'டேப்பர் அதிகம்'. இரண்டும் என் கையெழுத்து.

'அப்போ உங்களுக்கே தகுதியில்லையே' என்று கமெண்ட் போட வருபவர்கள், தயவுசெய்து முதலில் இதே சோதனையைச் செய்து பார்த்துவிட்டு வாருங்கள். டேப்பர் 6 டிகிரியா 15 டிகிரியா என்று வெறும் கண்ணால் சொல்வது லேசில்லை. அதுவும் நாற்பதாவது பல்லில், மாலை ஐந்து மணிக்கு.

ஸ்கேனர் களைப்படையாது. வெட்டுவதற்கு முன்பு எடுத்த ஸ்கேனையும் பின்பு எடுத்ததையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், 2 மி.மீ. குறைக்க வேண்டிய கஸ்ப்பில் (பல்லின் மேட்டு முனை) 1.2 மி.மீ.தான் குறைத்திருக்கிறீர்கள் என்று எண்ணாகவே காட்டிவிடும். அங்கே வாதாட இடமில்லை.

ஆனால் ஒரு தேர்வு நாளில் நடந்ததைச் சொல்கிறேன். கீழ்த்தாடை முதல் கடைவாய்ப் பல். மாதிரிப் பல்லோடு ஒப்பிட்ட கலர் மேப்பில் நாக்குப் பக்கம் முழுக்கச் சிவப்பு, கன்னப் பக்கம் முழுக்க நீலம். ஒரு பக்கம் குறைவாக வெட்டி, மறுபக்கம் தோண்டிவிட்டான் என்று அர்த்தம். சாஃப்ட்வேர் 3 மார்க் கொடுத்தது. பையன் வாயே திறக்கவில்லை. எனக்கு என்னவோ உறுத்த, குறுக்குவெட்டைத் திறந்து பார்த்தேன். மாதிரியின் கோடு, அவன் வெட்டிய பல்லின் கோடு, இரண்டும் ஒரே வடிவம். ஷோல்டர் (ஈறோரம் படி மாதிரி விடும் விளிம்பு) சுற்றிலும் ஒரே மாதிரி 1 மி.மீ. ஒரு கோடு மட்டும் கொஞ்சம் சாய்ந்து, நகர்ந்து நிற்கிறது. டைபோடான்ட்டை (பிளாஸ்டிக் பற்களை ஸ்க்ரூ போட்டு மாட்டிய பயிற்சித் தாடை) கையில் எடுத்து, ப்ரோப் முனையால் பல்லை மெதுவாகத் தள்ளினேன். ஆடியது. அடியில் ஸ்க்ரூ லூஸ். வெட்டி முடித்தபின் பல்லைக் கழற்றிப் பார்த்துவிட்டு அரைகுறையாக முடுக்கியிருக்கிறான். (கழற்றக் கூடாதுதான். யார் கழற்றாமல் இருந்தார்கள்?) பக்கத்துப் பற்களை வைத்து ஸ்கேனைப் பொருத்தியதால், பல் சாய்ந்ததைச் சாஃப்ட்வேர் வெட்டில் வந்த தப்பாக எடுத்துக்கொண்டது. முடுக்கித் திரும்ப ஸ்கேன் செய்தோம். பெரும்பாலும் பச்சை. 7 மார்க்.

அதற்காகப் பக்கத்துப் பற்களை விட்டுவிட்டு, வெட்டிய பல்லை மட்டும் வைத்துப் பொருத்தினாலும் வம்புதான். பிழையை எல்லாப் பக்கமும் பங்கிட்டு, மோசமான வெட்டைக்கூடச் சுமாராகக் காட்டிவிடும். அதனால் எதை வைத்துப் பொருத்தினார்கள், டாலரன்ஸ் (எவ்வளவு பிழை வரை மன்னிப்பது என்ற எல்லை) எவ்வளவு வைத்தார்கள் என்று இரண்டையும் கேளுங்கள். 0.1 மி.மீ. வைத்தால் பாதி வகுப்பு காலி, 0.5 வைத்தால் எல்லோரும் பாஸ். அந்த எண்ணைப் போடுவது மனுஷன்தான்.

விரலை எங்கே ஊன்றினீர்கள், கண்ணாடியில் பார்த்து வெட்டினீர்களா, கழுத்தை ஒடித்துக் குனிந்தீர்களா என்பதெல்லாம் ஸ்கேனருக்குத் தெரியாது. அதற்கு ஆள் நின்று பார்க்கத்தான் வேண்டும்.

ஆள் நின்று பார்ப்பதிலும் எனக்கு ஒரு பழைய கடுப்பு உண்டு. நான் இடதுகைக்காரி. ட்ரே, சக்‌ஷன், ஏர்ரோட்டர் (பல்லை வெட்டும் கருவி) டியூப் எல்லாம் வலதுகைக்காரர்களுக்கென்றே வைத்திருப்பார்கள். என் இறுதித் தேர்வில் ஒரு தேர்வாளர் பின்னால் நின்று, 'இந்தப் பக்கம் உட்கார்ந்தா வேலை செய்வார்கள்?' என்று கேட்டார். பல்லைச் சரியாகக் குனிந்துகூடப் பார்க்கவில்லை, மார்க்கைக் குறைத்தார். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். இத்தனை வருடம் கழித்தும் ஆறவில்லை.

உங்கள் விஷயத்தில், குறுக்குவெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கலர் மேப்பை மட்டும் நீட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த தேர்வில் டைபோடான்ட்டை ஒப்படைக்கும் முன் ஸ்க்ரூவை ஒரு முறை முடுக்கிப் பாருங்கள்.