முடிவு தெரிந்த சதிக் கதை ஏன் இன்னும் பதறவைக்கிறது?

கேள்வி: சார், 'தி டே ஆஃப் தி ஜக்கால்' நாவலில் ஜக்கால் என்ற கூலிக் கொலைகாரன் பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொல்லக் கிளம்புகிறான். டி கோல் சாகமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். அப்புறமும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லையே?

பதில்: நாவல் வந்தது 1971-இல். டி கோல் 1970 நவம்பரிலேயே தன் வீட்டில் இயற்கையாக இறந்துவிட்டார். ஆகவே 'கொல்வானா?' என்பது அங்கே கேள்வியே அல்ல, 'எந்த இடத்தில் சறுக்குவான்?' என்பதுதான் கேள்வி. அதனால்தான் நாவலாசிரியர் ஃபோர்சைத் கொலைகாரனின் வேலையைப் படிப்படியாகக் காட்டுகிறார். சின்ன வயதில் இறந்த ஒரு குழந்தையின் பெயரைக் கல்லறையில் தேடி எடுப்பது, அந்தப் பெயரில் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது, அதைக் காட்டி பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பது. பிறகு துப்பாக்கியைப் பிரித்து ஊன்றுகோலுக்குள் ஒளிப்பது, காட்டில் முலாம்பழத்தைத் தொங்கவிட்டுச் சுட்டுப் பழகுவது. ஒவ்வொரு வேலையும் சுத்தமாக முடியும்போது நம்மையறியாமல் கொலைகாரன் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். இரண்டாம் பகுதியில் போலீஸ் அதிகாரி லெபெல் துப்புத் துலக்க வந்ததும் அவர் பக்கமும் மனம் போகிறது. இந்த இழுபறிதான் பதற்றம்.

கேள்வி: அதில் உண்மை எவ்வளவு?

பதில்: ஜக்கால் கற்பனை. ஆனால் தொடக்கத்தில் வரும் தாக்குதல் நடந்தது: 1962 ஆகஸ்ட் 22, பாரிஸை ஒட்டிய பெத்தி-க்ளமார். டயர்கள் வெடித்தும் டி கோலின் சித்ரோவன் கார் நிற்காமல் தப்பியது. திட்டமிட்ட ராணுவ அதிகாரி பாஸ்தியன்-திரிக்கு மரண தண்டனை விதித்து 1963 மார்ச்சில் சுட்டுக் கொன்றார்கள்.

கேள்வி: 70-களில் அமெரிக்காவில் இந்த வகைச் சதிக் கதை ஏன் அவ்வளவு வந்தது?

பதில்: செய்தித்தாள் நாவலை முந்திவிட்டது. 1972 ஜூனில் வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் அதிபர் நிக்ஸனின் தேர்தல் குழு அனுப்பிய ஆட்கள் புகுந்தார்கள். அங்கே கதவுத் தாழ்ப்பாளில் ஒட்டியிருந்த டேப்பைக் காவலாளி பிய்த்துப் போட்டார். மறுபடி வந்து பார்த்தால் புதிதாக ஒட்டியிருந்தது. போலீஸைக் கூப்பிட்டார். அந்த விவகாரம் வளர்ந்து 1974 ஆகஸ்டில் நிக்ஸன் பதவி விலகினார். அடுத்த ஆண்டே உளவு அமைப்புகளை விசாரித்த செனட்டின் சர்ச் கமிட்டி, கியூபத் தலைவர் காஸ்ட்ரோவைக் கொல்ல அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. போட்ட திட்டங்களை வெளியிட்டது. மனிதர்கள் மீது போதைமருந்துச் சோதனை நடத்திய எம்.கே.அல்ட்ரா என்ற சி.ஐ.ஏ. திட்டத்தின் கோப்புகளை 1973-இல் அழித்திருந்தார்கள். ஆனால் அதன் செலவுக் கணக்குகள் வேறிடத்தில் தங்கிப்போய் 1977-இல் கிடைத்தன. எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

கேள்வி: அண்ணா, நான் ஒன்று எழுதுகிறேன். படித்தவர்கள் "நம்பும்படி இல்லை" என்கிறார்கள்.

பதில்: முதலில் ஆட்களை எண்ணுங்கள். இருநூறு பேருக்குத் தெரிந்தது ரகசியமாக நிற்காது. முழுத் திட்டமும் மூன்று நான்கு பேருக்குத் தெரிந்தால் போதும். மற்றவர்களுக்கு அவரவர் துண்டுவேலை மட்டும், அதற்கு ஒரு நியாயமான காரணமும் இருக்கட்டும். டிரைவர் ஏதோ ஃபைல் கொண்டுபோவதாகத்தான் நினைக்க வேண்டும்.

அடுத்து, 'இவன் ஏன் பத்திரிகைக்குப் போகவில்லை?' என்று வாசகர் கேட்பார். கதை பாதியைத் தொடும் முன்பே பதில் சொல்லிவிடுங்கள். தாமதித்தால் பிறகு எதையும் நம்பமாட்டார். வில்லன் கடைசியில் எல்லாவற்றையும் வாயால் ஒப்பிக்கும் காட்சியைத் தயவுசெய்து வெட்டுங்கள். உண்மை ஒரு பெட்ரோல் பில்லிலிருந்தோ வருகைப் பதிவேட்டிலிருந்தோ வரட்டும்.

கேள்வி: இவற்றைப் படித்துப் படித்து எல்லா வதந்தியையும் நம்பிவிட மாட்டோமா?

பதில்: நல்ல நாவலில் ஆதாரம் இல்லாவிட்டால் நாயகன் மாட்டிக்கொள்வான். வதந்தியில் ஆதாரம் இல்லாததையே ஆதாரம் என்பார்கள். அமெரிக்க அதிபர் கென்னடி கொலையில், சுட்ட ஆஸ்வால்ட் தனி ஆள் என்றது அதை விசாரித்த 1964-இன் வாரன் கமிஷன். 1979-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஓர் ஒலிப்பதிவை முக்கியமாக நம்பி, பெரும்பாலும் சதி இருந்திருக்கும் என்றது. 1982-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமியின் குழு அந்த ஒலிப்பதிவு வாதத்தை மறுத்தது. இந்த மூன்றையும் வரிசையாகப் படித்துவிட்டு நாவலுக்கு வாருங்கள்.