பின்லாந்தின் மூன்று மாதங்கள்

அன்புள்ள சார்,

முக்கால் நூற்றாண்டாகக் காத்துவந்த நடுநிலையை பின்லாந்து மூன்றே மாதத்தில் தூக்கிப் போட்டுவிட்டு நேட்டோவுக்கு விண்ணப்பித்தது. உக்ரைனைப் பார்த்து மிரண்டுபோய் எடுத்த முடிவு என்றே எனக்குப் படுகிறது. சின்ன நாடு பக்கத்திலிருக்கும் பெரிய நாட்டை அனுசரித்துப் போவதுதானே புத்திசாலித்தனம்? சரி, சேர்ந்தாகிவிட்டது. இப்போதாவது நிம்மதியாக இருக்கிறார்களா?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்,

நாள் கணக்கு சரிதான். 2022 பிப்ரவரி 24 அன்று படையெடுப்பு, மே 18 அன்று விண்ணப்பம். ஆனால் அந்த மூன்று மாதத்தில் நடந்தது பெரும்பாலும் காகித வேலை. மற்றதெல்லாம் முப்பது வருடமாக நடந்துகொண்டிருந்தது.

முதலில் ‘நடுநிலை’ என்ற சொல். 1948-ல் சோவியத் யூனியனுடன் போட்ட ஒப்பந்தத்தின் நிழலில் வாழ்ந்த காலத்தில், ஹெல்சிங்கி மாஸ்கோவின் முகம் பார்த்துத்தான் பேசியது. நீங்கள் சொல்லும் அனுசரிப்பு அதுதான். வேறு வழியில்லாத அனுசரிப்பு. சோவியத் சரிந்ததும், 1992-ல் அமெரிக்காவின் ஹார்னெட் போர் விமானங்கள் 64 வாங்க முடிவெடுத்தார்கள். 1994-ல் நேட்டோவின் கூட்டாளித் திட்டம், 1995-ல் ஐரோப்பிய ஒன்றியம். அதற்குப் பிறகு தங்களை ‘ராணுவக் கூட்டணியில் இல்லாத நாடு’ என்று சொல்லிக்கொண்டார்களே தவிர நடுநிலை நாடு என்றல்ல. நம் பத்திரிகைகள்தான் பழைய சொல்லை விடவில்லை.

அவர்கள் கையில் வைத்திருந்த சீட்டு வேறு. ‘இப்போது சேரவில்லை, ஆனால் சேரும் உரிமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.’ ரஷ்யாவோடு உறவைக் கெடுக்காமல், ரஷ்யாவை எச்சரித்து வைக்கவும் உதவிய ஏற்பாடு இது. 2021 டிசம்பரில் ரஷ்யா, நேட்டோ இனி யாரையும் சேர்க்கக் கூடாது என்று எழுதியே கேட்டது. குறி உக்ரைன், அடி இந்தச் சீட்டின் மேலும் விழுந்தது. அன்றைய பின்லாந்து அதிபர் நீனிஸ்டோ 2022 புத்தாண்டு உரையிலேயே அந்த உரிமை எங்களுடையது என்று சொல்லிவிட்டார். அப்போது போர் தொடங்கியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மக்கள் மனம் மாறியது போருக்குப் பின்புதான்: அதுவரை கால்வாசிப் பேர் அளவில் இருந்த ஆதரவு, ஒலிபரப்பு நிறுவனமான யூலேயின் கணிப்பில் பிப்ரவரி இறுதியில் 53 சதவீதம், மே மாதம் 76. நாடாளுமன்றத்தில் 188 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு.

மிரண்டவர்களால் இவ்வளவு சீராகச் செய்திருக்க முடியாது. 55 லட்சம் மக்கள்தொகை. போர்க்கால ராணுவ பலம் 2,80,000. பனிப்போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பலர் கட்டாய ராணுவ சேவையைக் கைவிட்டார்கள். சுவீடன் 2010-ல் நிறுத்திவிட்டு 2017-ல் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. பின்லாந்தில் ஆண்களுக்கு 165, 255 அல்லது 347 நாள் சேவை ஒரு வருடமும் விட்டுப்போகவில்லை.

இதை நேரில் பார்க்க ஹெல்சிங்கியின் இத்தாகெஸ்குஸ் நீச்சல் குளத்துக்குப் போனால் போதும். பாறையைக் குடைந்து கட்டிய குளம். போர் வந்தால் தண்ணீரை வெளியேற்றிவிட்டு ஆயிரக்கணக்கானவர்களுக்குப் புகலிடமாகும். நாடு முழுக்க இப்படிச் சுமார் 50,000 காப்பறைகள், 48 லட்சம் பேருக்கு இடம். 1,200 சதுர மீட்டருக்கு மேல் குடியிருப்புக் கட்டடம் கட்டினால் காப்பறையும் கட்டியாக வேண்டும். சமாதான காலத்தில் ஜிம்மாகவோ சைக்கிள் நிறுத்தமாகவோ வைத்துக்கொள்ளலாம். 72 மணி நேரத்தில் காலி செய்து தயாராக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருந்தது. விண்ணப்பித்த நாளுக்கும் உறுப்பினரான நாளுக்கும் இடையில் நேட்டோ ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, அதாவது ஓர் உறுப்பு நாட்டின் மேல் நடக்கும் ஆயுதத் தாக்குதலை எல்லோர் மேலும் நடந்த தாக்குதலாகக் கருதும் பிரிவு, தரும் பாதுகாப்பு கிடையாது. முன்கூட்டியே மே 11 அன்று பிரிட்டனிடம், தாக்கப்பட்டால் உதவுவோம் என்ற உறுதியை எழுத்தில் வாங்கியிருந்தார்கள். அப்புறம் 30 உறுப்பு நாடுகளும் ஒப்புதல் தர வேண்டும்; ஒரு நாடு முடியாது என்றாலும் நின்றுபோகும். தான் பயங்கரவாதிகள் என்று சொல்லும் குர்து அமைப்புகளுக்கு இவர்கள் இடம் கொடுப்பதையும், தனக்கு ஆயுத ஏற்றுமதியைத் தடை செய்ததையும் காட்டித் துருக்கி பேரம் பேசியது. சுவீடனும் பின்லாந்தும் கைகோத்து நுழைவதாகத் திட்டம். கடைசியில் பின்லாந்து 2023 ஏப்ரல் 4-ல் தனியாகவே நுழைந்தது. சுவீடனுக்கு 2024 மார்ச் வரை ஆயிற்று.

ரஷ்யாவும் சும்மா இருக்கவில்லை. மே மாதமே மின்சாரத்தையும் எரிவாயுவையும் நிறுத்தியது. பின்லாந்தின் எரிசக்தியில் எரிவாயுவின் பங்கு சுமார் 5 சதவீதம்தான் என்பதால் தாங்கிக்கொண்டார்கள். தாங்கமுடியாதவை கிழக்கு எல்லை ஊர்கள். ரஷ்யப் பயணிகளை நம்பியிருந்த லாப்பேன்ராந்தா, இமாத்ரா கடைத்தெருக்களின் வியாபாரம் படுத்துவிட்டது. 2023 இறுதியில் 1,340 கிலோமீட்டர் தரை எல்லையையும் பின்லாந்தே பயணிகளுக்கு மூடிவிட்டது.

நிம்மதியா என்று கேட்டீர்கள். டாங்கிப் படை எல்லை தாண்டுமே என்ற கவலை குறைந்திருக்கிறது. வேறொரு கவலை கடலடியில் முளைத்திருக்கிறது. 2024 டிசம்பர் 25 அன்று எஸ்டோனியாவுக்குப் போகும் எஸ்ட்லிங்க் 2 மின்வடம் அறுந்தது. ரஷ்ய எண்ணெய் ஏற்றிவந்த ‘ஈகிள் எஸ்’ கப்பல் நங்கூரத்தைக் கடலடியில் பல பத்துக் கிலோமீட்டர் இழுத்துக்கொண்டே போனதாகக் குற்றச்சாட்டு. கப்பலில் பறந்ததோ குக் தீவுகளின் கொடி. இது ஆயுதத் தாக்குதலா, மாலுமியின் கவனக்குறைவா? ஐந்தாம் பிரிவில் இதற்கு விடை இல்லை. 2025 அக்டோபரில் ஹெல்சிங்கி மாவட்ட நீதிமன்றம், சம்பவம் பின்லாந்தின் கடல் எல்லைக்கு வெளியே நடந்ததால் தனக்கு விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டது.