எக்கோ நோர்மல், ஆனால் படபடப்பு வந்து போகிறது: எக்கோவில் அது தெரிந்திருக்காதா?

தெரியும், எக்கோ (ஒலியலையால் இதயத்தைத் திரையில் காட்டும் ஸ்கேன்) எடுக்கும் அந்தப் பதினைந்து இருபது நிமிஷத்துக்குள் உங்கள் படபடப்பு வந்து சேர்ந்தால்! நான் டொக்டர் இல்லை, அம்மாவோடு அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கும் இதே கதைதான். வெள்ளவத்தையில் வீட்டில் இருக்கும்போது நெஞ்சு தாறுமாறாக அடிக்கும், காலி வீதி நெரிசலில் ஊர்ந்து போய் ஈசிஜி எடுப்பதற்குள் அது அடங்கிவிடும். கடைசியில் எக்கோ எடுக்கச் சொன்னார்கள். நானும் அறைக்குள் இருந்தேன். இருட்டு, ஏசிக் குளிர், அம்மா இடப்பக்கம் சரிந்து படுத்தபடி ஜெல் சில்லென்று இருக்கிறதென்று முணுமுணுக்கிறார். திரையில் வால்வு திறந்து மூட, அடியில் மெல்லிய கோடு ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. அதுவும் ஈசிஜிதான், எக்கோவுக்கு முன் நெஞ்சில் வயர் ஒட்டுவது அதற்காகத்தான். எக்கோவில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளரில், இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு வழியாகப் பாயும் இரத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு மேடாகத் தெரியும், ஈ, ஏ என்று பெயர். இரண்டாவது மேடு மேலறை சுருங்கித் தள்ளுவதால் வருவது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு நடக்கும் நேரத்தில் மேலறை சுருங்காமல் வெறுமனே நடுங்கும், அப்போது அந்த ஏ மேடே இருக்காது. அம்மாவுக்கு அன்று இரண்டும் வடிவாக இருந்தன.

"அப்ப ஒன்றுமில்லையா டொக்டர்?"

"இப்ப ஒன்றுமில்லை அம்மா."

அந்த 'இப்ப'வை நாங்கள் அன்று கவனிக்கவில்லை, நிம்மதியாக வீட்டுக்கு வந்து பிளேன்டீ குடித்தோம்.

ஆனால் ரிப்போர்ட்டில் இடது மேலறை 4.4 செ.மீ. என்று இருந்தது. பொதுவாக 4 செ.மீ. வரைதான் சாதாரணம் என்பார்கள். பல வருஷப் பிரஷரில் அது விரிந்திருக்கலாம் என்றார் அடுத்துப் பார்த்த டொக்டர், விரிந்த மேலறையில்தான் இந்தத் துடிப்புக் கோளாறு சுலபமாகக் குடியேறுமாம். எக்கோவின் உண்மையான வேலை இதுதான் என்று எனக்குப் படுகிறது: வால்வு, சுவர், அறையின் அளவு, இதயம் பம்ப் பண்ணும் பலம். வந்து போகும் துடிப்பைப் பிடிக்க, உடம்பில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க ஈசிஜி பதியும் ஹோல்டர் போன்ற கருவிதான் வேண்டும்.

ஹோல்டரை 24 மணிநேரம் கட்டிவிட்டார்கள். குளிக்கக் கூடாது, கொழும்பு வெக்கையில் வியர்த்து ஸ்டிக்கர் கழன்று விழ, அம்மா பிளாஸ்டர் போட்டு ஒட்டிக்கொண்டு திட்டித் தீர்த்தார். முதல் தடவை ஒன்றும் சிக்கவில்லை. இரண்டாம் தடவை அம்மா கொப்பியில் "3.10 விடிய, தண்ணி குடிக்க எழும்பினேன், நெஞ்சு அடிச்சுது" என்று எழுதியிருந்த அதே நேரத்தில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பதிவாகியிருந்தது. தைரொய்டு இரத்தச் சோதனையும் செய்து, மேலறையில் இரத்தம் கட்டி அது மூளைக்குப் போய்விடலாம் என்பதால் இரத்தம் உறையாமலிருக்க மருந்தும் தொடங்கினார்கள்.

ஆகவே எக்கோ ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் இடது மேலறையின் அளவு என்னவென்று பாருங்கள். அடுத்த முறை சானல் பண்ணிப் போகும்போது எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு நேரம் என்று எழுதிக் கொண்டுபோய், ஹோல்டர் போடலாமா, 24 மணிநேரம் போதாவிட்டால் நீண்ட நாள் பதிவு உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். மயக்கம், நெஞ்சுவலி, வாய் கோணல், பேச்சுக் குழறல் என்றால் மட்டும் கொப்பி, பேனா தேடாமல் உடனே (இலங்கையில்) 1990-க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.