பாட்டியையும் பூனையையும் 75,000 ரூபாய்க்கு விற்கலாமா?

கேள்வி: வணக்கம். கோவையில் இருக்கிறேன், வயது 31, ஃப்ரீலான்ஸ் ஓவியர். சிறுவர் புத்தகங்களுக்குப் படம், கல்யாணத்துக்கு கேரிகேச்சர், சின்ன கம்பெனிகளுக்கு லோகோ என்று வரைகிறேன். இது போக ஒரு பாட்டியும் அவர் வளர்க்கும் பூனையும் வரும் நகைச்சுவை கார்ட்டூன்களை நாலு வருடமாக இன்ஸ்டாகிராமில் போடுகிறேன். 40 ஆயிரம் பேர் பின்தொடர்கிறார்கள், ஆனால் அதிலிருந்து நேரடி வருமானம் இல்லை. 2025-26-ல் மொத்த வரவு 7,20,000 ரூபாய். ஒரு மாதம் 1,30,000 வந்தது, இன்னொரு மாதம் வெறும் 9,000. வீட்டுச் செலவு மாதம் 28,000, தொழில் செலவு வருடத்துக்கு 1 லட்சம். வங்கியில் 90,000 இருக்கிறது, 2021 ஜூலையில் தொடங்கிய பி.பி.எஃப். என்ற நீண்டகாலச் சேமிப்புக் கணக்கில் 1,40,000 இருக்கிறது. இதுவரை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததில்லை. ஆறு மாதம் வேறு வேலை எடுக்காமல் பாட்டியை வைத்து 96 பக்க வண்ணக் காமிக்ஸ் செய்ய ஆசை. சிவகாசி அச்சகத்தில் 1000 பிரதிக்கு 1,60,000, 500 பிரதிக்கு 1,05,000 கேட்கிறார்கள். 16 சதவீத வட்டியில் 3 லட்சம் பர்சனல் லோன் தர வங்கி தயார். இதற்கிடையில் ஒரு முறுக்கு, மிக்சர் கம்பெனி பாட்டியையும் பூனையையும் ‘எல்லா உரிமைகளோடும்’ 75,000 ரூபாய்க்குக் கேட்கிறது. இரண்டு பதிப்பகங்களிடமிருந்து 85,000 வராமல் நிற்கிறது. வீட்டில் ‘ஒழுங்காக ஒரு வேலைக்குப் போ’ என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: நீங்கள் அனுப்பிய கார்ட்டூன்களை முதலில் பார்த்துவிட்டுத்தான் கணக்குக்கு வந்தேன். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக் கூடாது என்று பாட்டி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, பேரன் தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சும் அந்தப் படத்துக்கு வாய்விட்டுச் சிரித்தேன். இவர்களை விற்காதீர்கள். ரசிகராக மட்டும் இதைச் சொல்லவில்லை, உங்களிடம் இருக்கும் சொத்துகளிலேயே நாளைக்கு மதிப்பு கூடக்கூடியது இந்தப் பாட்டி ஒருத்திதான், பி.பி.எஃப். கூட இரண்டாவதுதான்.

‘எல்லா உரிமைகளோடும்’ என்று கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் கனவு காணும் அந்தக் காமிக்ஸைப் போடவே அந்தக் கம்பெனியிடம் அனுமதி கேட்க வேண்டி வரும். டி-சர்ட், காலண்டர், அனிமேஷன் எதுவும் உங்கள் கையில் இருக்காது. ஏசியன் பெயின்ட்ஸுக்காக ஆர்.கே.லட்சுமண் 1954-ல் வரைந்த ‘கட்டு’ (Gattu) என்ற குறும்புப் பையன் பல பத்தாண்டுகள் அந்தக் கம்பெனியின் முகமாகவே இருந்தான். ஒரு நல்ல கதாபாத்திரம் அவ்வளவு காலம் உழைக்கும். அதை ஒரே ஒரு தொகைக்குக் கொடுப்பதாக இருந்தால் அந்தத் தொகை உங்கள் ஒன்றரை மாத வரவைவிடக் குறைவாகவா இருப்பது?

அதற்காக கம்பெனியை விரட்டிவிடவும் வேண்டாம். விற்பதற்குப் பதிலாக பயன்படுத்தும் அனுமதி கொடுங்கள், அதாவது லைசென்ஸ். எந்தப் பொருளில், எந்த ஊடகத்தில், எத்தனை வருடம், எந்த மாநிலங்களில் என்று நாலையும் எழுத்தில் போடுங்கள். நம் நாட்டு பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி உரிமையை எழுதிக் கொடுப்பது கையெழுத்திட்ட ஆவணமாக இருக்க வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுக்க என்றும் எடுத்துக்கொள்ளப்படும். லைசென்ஸுக்கும் இதே விதிகள் பொருந்தும். எழுதாமல் விட்டால் சட்டமே ஐந்து வருடத்தைத் தூக்கிக் கொடுத்துவிடும் என்பதால் நீங்களே எழுதிவிடுங்கள்: தமிழ்நாடு, கேரளா, நொறுக்குத்தீனி பாக்கெட்டும் அதன் விளம்பரமும் மட்டும், இரண்டு வருடம். தொகைக்கு நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் வருடத்துக்கு 40,000-ல் பேச்சை ஆரம்பிப்பேன், ஒவ்வொரு புதிய விளம்பரப் படத்துக்கும் வரைகூலி தனி. அவர்கள் கொஞ்சம் குறைத்தாலும் பரவாயில்லை, பாட்டி உங்களிடமே இருப்பாள்.

இன்னொரு வரி கட்டாயம் வேண்டும். பாட்டியின் பெயரையோ உருவத்தையோ கம்பெனி தன் பெயரில் டிரேட்மார்க்காகப் பதிவு செய்யக் கூடாது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை, பின்னால் பெரிய தலைவலி இங்கிருந்துதான் வரும். முடிந்தால் நீங்களே முந்திக்கொள்ளுங்கள், தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு பொருள் வகுப்புக்கு 4,500 ரூபாய்தான். ஒப்பந்த வரைவை அறிவுசார் சொத்துரிமை தெரிந்த ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டே கையெழுத்துப் போடுங்கள். அந்த ஃபீஸை வீண் செலவு என்று நினைக்காதீர்கள்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். அச்சுச் செலவைப் பற்றியே கவலைப்படுகிறீர்கள், ஆனால் பெரிய செலவு அது இல்லை. ஆறு மாதம் வேறு வேலை எடுக்காவிட்டால் சராசரியாக 3,60,000 ரூபாய் வரவு போகிறது, கூடவே வாடிக்கையாளர்கள் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள். அந்த 3 லட்சம் கடனை மூன்று வருடத்தில் அடைப்பதாக வைத்தால் மாதத் தவணை சுமார் 10,550, வட்டி மட்டும் மொத்தம் 80 ஆயிரத்தை ஒட்டி வரும். 9,000 ரூபாய் வந்த மாதத்தில் அந்தத் தவணையை எங்கிருந்து கட்டுவீர்கள்? வேண்டவே வேண்டாம்.

மாதம் எட்டுப் பக்கம் வரையுங்கள். ஒரு வருடத்தில் 96 பக்கம் முடிந்துவிடும். வாரத்தில் இரண்டு நாளைப் பாட்டிக்கென்று ஒதுக்கி, அந்த நாட்களில் கேட்பவர்களிடம் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், உண்மையிலேயே வேலைதானே. வரையும்போதே சில பக்கங்களை இன்ஸ்டாகிராமில் போட்டால் புத்தகம் வரும்போது வாசகர்கள் தயாராக இருப்பார்கள்.

அதுவரை பணத்தைச் சேர்க்க ஒரு எளிய ஏற்பாடு செய்யுங்கள். வரவு எல்லாம் ஒரே கணக்கில் விழட்டும். தொழில் செலவை அதிலிருந்தே பாருங்கள். ஒவ்வொரு மாதமும் 1-ம் தேதி அங்கிருந்து உங்கள் வீட்டுக் கணக்குக்கு 32,000 மாற்றுங்கள், அதுதான் உங்கள் சம்பளம், 1,30,000 வந்த மாதத்திலும் அவ்வளவுதான், 9,000 வந்த மாதத்திலும் அவ்வளவுதான். வருடத்துக்கு 3,84,000 போகும், தொழில் செலவு 1 லட்சம், மீதி 2,36,000 நிற்கும். இதில் முதலில் அவசரகாலப் பணத்தை நிரப்புங்கள். ஆறு மாத வீட்டுச் செலவு 1,68,000, உங்களிடம் 90,000 இருக்கிறது, இன்னும் 78,000 வேண்டும். அது போக 1,58,000 புத்தகத்துக்கு. வாரம் இரண்டு நாள் ஒதுக்குவதால் வருட வரவு 6,50,000 ஆகக் குறைந்தாலும் 88,000 மிஞ்சும். 500 பிரதிக்கான 1,05,000-ல் 17,000தான் குறையும், முன்வெளியீட்டுத் திட்டத்தில் 60 பேர் பணம் கட்டினால் அதுவும் தீர்ந்தது.

1000 பிரதியின் மீது ஆசை வேண்டாம். ஒரு பிரதிக்கு 160, 500 போட்டால் 210, அதனால் 1000 லாபம் போலத் தோன்றும். விலை 350 என்று வையுங்கள். நேரடியாக விற்றால் பார்சல், தபால் போக 300 கைக்கு வரும், புத்தகக் கடைகள் 40 சதவீதம் கழிவு கேட்டால் 210தான் வரும். நேரடி விற்பனையில் 500 பிரதிப் பதிப்பில் போட்ட பணத்தை எடுக்க 350 பிரதி போக வேண்டும். 1000 பிரதிப் பதிப்புக்கு 534, அதையே கடை வழியாக மட்டும் விற்றால் 762. 40 ஆயிரம் பேர் பார்க்கிறார்கள் என்பதும் பணம் கொடுத்து வாங்குகிறார்கள் என்பதும் வேறு வேறு, முதல் பதிப்பு அதைக் காட்டிவிடும், தீர்ந்தால் மறுபதிப்பு போடுவது ஒரு வார வேலை. ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண் நம் நாட்டில் இலவசம், அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. ஜனவரியில் நந்தனத்தில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு முன் கையில் இருப்பது மாதிரி திட்டமிடுங்கள்.

வருமான வரி தாக்கல் செய்ததில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் மனசை உறுத்துகிறது, ஏனென்றால் இது உங்கள் பணம். கம்பெனிகள் உங்களுக்குப் பணம் கொடுக்கும்போதே டி.டி.எஸ். என்று வரியாக 10 சதவீதம் பிடித்திருக்கலாம். வருமான வரி இணையதளத்தில் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால் யார் எவ்வளவு பிடித்தார்கள் என்று தெரியும். 7,20,000-ல் தொழில் செலவு 1 லட்சம் போனால் 6,20,000தான் வருமானம். 2025-26-க்கு புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் உங்களுக்கு வரியே இல்லை. அப்படியானால் பிடித்தது முழுவதும் ரீஃபண்ட். அப்படி 10 சதவீதம் பிடித்த வரவு 4 லட்சம் என்றால்கூட 40,000 ரூபாய், புத்தகத்தின் அச்சுச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! கேட்டால்தான் கிடைக்கும். காலம் தாண்டிய பழைய வருடங்களுக்கு ‘புதுப்பிக்கப்பட்ட கணக்கு’ போட்டு ரீஃபண்ட் வாங்க முடியாது, தாமதத்தை மன்னிக்கக் கோரி தனியாக மனு கொடுக்க வேண்டும், ஐந்து வருடம் வரை அதற்கு வழி இருக்கிறது. வரவில் பாதியை லாபமாகக் காட்டும் எளிய முறையை நண்பர்கள் சொல்லியிருக்கலாம். அது டாக்டர், வக்கீல், இன்ஜினியர், சினிமா கலைஞர் என்று பட்டியலிட்ட தொழில்களுக்கானது, அதில் ஓவியர் என்று பெயர் சொல்லி இல்லை. ஆகவே செலவு பில்களை வைத்துக்கொண்டு ஒரு ஆடிட்டரிடம் போங்கள். ஜி.எஸ்.டி. பதிவு வருட வரவு 20 லட்சம் வரை தேவையில்லை.

நிலுவை 85,000-க்கு, வேலை முடித்த தேதி, பில் நகல், பேசிய தொகை மூன்றையும் வைத்து மரியாதையாக, ஆனால் தேதி குறித்து ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இனிமேலாவது இப்படி நிற்காமல் இருக்க, சிறு, குறுந்தொழில்களுக்கான மத்திய அரசின் ‘உத்யம்’ தளத்தில் பதிவு செய்துவிடுங்கள், ஆதாரும் பான் கார்டும் போதும், கட்டணம் இல்லை. பதிவு செய்த குறுந்தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும், தவறினால் கூட்டு வட்டி உண்டு. நேரத்துக்குக் கொடுக்காமல் நிதியாண்டு முடியும்வரை நிலுவையில் வைத்த தொகையை, வேலை வாங்கிய கம்பெனிகள் அந்த வருட வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது, அவர்களுடைய ஆடிட்டரே அவர்களை நெருக்குவார். பதிவுக்குப் பிறகு செய்யும் வேலைக்குத்தான் இது உதவும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். பாதி அட்வான்ஸ் வாங்காமல் பென்சிலை எடுக்கவும் வேண்டாம்.

மருத்துவக் காப்பீடு பற்றி நீங்கள் எழுதவில்லை, அதனால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். கை ஒடிந்தால் வருமானம் நிற்கும் தொழில் உங்களுடையது. 32,000 சம்பளத்தில் வீட்டுச் செலவு போக 4,000 மிஞ்சும், இந்த மாதமே ஒரு பாலிசி எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. பி.பி.எஃப்.பைத் தொட வேண்டாம், 2027 ஏப்ரலுக்கு முன் அதிலிருந்து பகுதித் தொகை எடுக்கவும் முடியாது. கணக்கு செயலிழக்காமல் இருக்க வருடம் 500 ரூபாயாவது கட்டுங்கள், முடிந்த மாதங்களில் கூடுதலாக.

வீட்டில் சொல்வதை நான் அலட்சியமாக நினைக்கவில்லை. உங்கள் வருமானம் குறைவு என்று அவர்கள் பயப்படவில்லை, எப்போது வரும் என்று தெரியாததால் பயப்படுகிறார்கள். ஆறு மாதம் 1-ம் தேதி தவறாமல் 32,000 வீட்டுக் கணக்கில் விழுவதை அம்மாவுக்குக் காட்டுங்கள், அப்புறம் அந்தப் பேச்சை எடுப்போம். அப்படியும் சில மாதங்கள் சம்பளம் போட முடியாமல் இடித்தால், வாரத்துக்கு மூன்று நாள் ஒரு டிசைன் நிறுவனத்தில் பகுதி நேரமாகச் சேருங்கள், ஆனால் சேரும்போது பாட்டியும் பூனையும் உங்கள் சொந்தப் படைப்பு என்று நியமனக் கடிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேலையின் ஒரு பகுதியாக வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, முதலாளிக்கே சொந்தம் என்கிறது அதே 1957 சட்டம்.