ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் இருக்கிறது, என்ன செய்யலாம்? கல்லூரி மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் பதினோரு வருடம் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) திட்ட அலுவலராக இருந்தேன். தொண்டு வேலை பற்றி மாணவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மேடம், என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. விழாவுக்கு நாற்காலி போட்டோம், ஊர்வலத்தில் பதாகை பிடித்தோம், அவ்வளவுதான். நோட்டில் மட்டும் 120 மணி நேரம் எழுதச் சொல்கிறார்கள். தொடரலாமா? (பி.காம். இரண்டாம் ஆண்டு, விருதுநகர்)

செய்யாத மணியை எழுதாதீர்கள், தம்பி. ஆனால் விலகவும் வேண்டாம். 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் இது. வருடத்துக்கு 120 மணி, இரண்டு வருடத்தில் 240 மணி, ஏழு நாள் முகாம் என்பது கணக்கு. தனியாகப் போனால் பஞ்சாயத்து அலுவலகத்தில் "நீ யாருப்பா?" என்பார்கள். கல்லூரிக் கடிதத்தோடு போனால் உட்காரச் சொல்வார்கள். அதற்காகவாவது உள்ளே இருங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு வேலையை நீங்களே தேர்ந்து, எழுதி எடுத்துக்கொண்டு திட்ட அலுவலரிடம் போங்கள்.

எங்கள் முதல் முகாமில் பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடித்து, குறள் எழுதினோம். கடைசி நாள் ஒரு பாட்டி வந்து, "பென்சன் மனு எழுதித் தருவீகளாம்மா?" என்று கேட்டார். அவர் பின்னால் ஒரு வரிசையே நின்றது. ஆறு நாளாக அந்தத் தெருவில்தான் சோறு தின்றிருக்கிறோம், யாரிடமும் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து முகாமுக்கு ஒரு மாதம் முன்பே வீடு வீடாகப் போய்க் கேட்டோம். பட்டா, ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பு, காப்பீட்டு அட்டை என்று பாதி வேலை பேனாவிலேயே இருந்தது.

பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக்கொடுக்க ஆசை. பயமாகவும் இருக்கிறது. (பி.ஏ. வரலாறு, மதுரை)

அந்தப் பயம் நல்லதும்மா. இன்னொருவரின் ஒரு பருவ உழைப்பு மூன்று, நான்கு மணி நேரம் உங்கள் கையில் இருக்கிறது. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் தருவது வழக்கம் என்பதால், மூன்று மணித் தேர்வு நான்கு மணி ஆகும். அதற்குத் தக்கபடி சாப்பிட்டுவிட்டுப் போங்கள். எழுதுபவரின் படிப்பு, பாடம் பற்றித் தேர்வுக்குத் தேர்வு விதி மாறும். சில இடங்களில் தேர்வரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவர்தான் எழுதலாம். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, அனுமதிக் கடிதம் வாங்கிவிடுங்கள்.

முதல் நாளே அந்த மாணவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பழைய வினாத்தாள் ஒன்றை எழுதிப் பாருங்கள். அவர் பேசும் வேகம், உங்கள் கை வேகம் இரண்டும் ஒத்துவர வேண்டும். கேள்வியை மதிப்பெண்ணோடு முழுசாக வாசியுங்கள். தமிழ்த் தாள் என்றால் "சின்ன லகரமா, பெரிய ளகரமா, சிறப்பு ழகரமா?" என்று கேட்டுத்தான் எழுத வேண்டும்; உங்களுக்குத் தெரியும் என்று திருத்தக் கூடாது. பத்தி முடிந்ததும் படித்துக் காட்டுங்கள். அப்புறம், பாவம் என்று நினைத்து விடை சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். மாட்டினால் அவர் தேர்வே ரத்தாகும். மாட்டாவிட்டாலும் அவரை நீங்கள் மாணவராக மதிக்கவில்லை என்றுதான் ஆகும். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது அதைவிடக் கொடுமை. ஹால் வாசலில் ஒன்பதே முக்கால் மணிக்கு, எழுத ஆளில்லாமல் நின்று அழுத ஒரு பிள்ளையைப் பார்த்திருக்கிறேன்.

ரத்ததான முகாமில் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவமானமாக இருக்கிறது. (பி.எஸ்சி., நாகர்கோவில்)

இதில் அவமானம் ஒன்றுமில்லை. 18 வயது, குறைந்தது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். நம் பெண்பிள்ளைகளில் நிறையப் பேர் அந்த 12.5இல்தான் நின்றுவிடுகிறார்கள். ஊசி குத்திப் பார்த்ததில் உங்களுக்கு ஒரு தகவல் கிடைத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரைப் பாருங்கள். அதுவரை ஒரு வேலை செய்யலாம். கல்லூரியில் யார் யாருக்கு என்ன ரத்தப் பிரிவு, கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஆண்கள் மூன்று மாதம், பெண்கள் நான்கு மாதம் இடைவெளி விட வேண்டும். பச்சை குத்தியவர்கள் ஒரு வருடம் பொறுக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும்போது யாரைக் கூப்பிடலாம் என்று தெரிந்த ஒருவர் இருந்தால் போதும்.

சென்னையில் ஆமை நடைக்குப் போக ஆசை. ராத்திரி என்பதால் அம்மா விடமாட்டேன் என்கிறார். (பொறியியல் முதலாண்டு)

அம்மாவையும் கூட்டிப்போங்கள். நடைக்கு இல்லை, அதற்கு முன்னால், குஞ்சுகளைக் கடலில் விடும் ஒரு சாயங்காலத்துக்கு. மாணவர் கடலாமை பாதுகாப்பு வலையமைப்பு 1988 முதல் இந்த வேலையைச் செய்கிறது. பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி என்ற கடலாமைகள்) முட்டையிட வரும் மாதங்களில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் மணலில் நடந்து முட்டைகளைத் தேடி எடுத்து, பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். நாற்பத்தைந்து நாளுக்கு மேல் ஆனதும் குஞ்சுகளைச் சாயங்காலத்தில் கடலில் விடுவார்கள். அதை அம்மா பார்க்கட்டும். 2025 ஜனவரியில் அந்தக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின, இழுவலையில் சிக்கி மூச்சுமுட்டிய ஆமைகள். அதையும் சொல்லுங்கள். டார்ச்சும் ஃபிளாஷும் அடிக்கக் கூடாது, வெளிச்சம் பார்த்துக் குஞ்சுகள் திசை மாறிப் போகும்.

பகுதிநேர வேலைக்குப் போகிறேன். வெளியே வர நேரமே இல்லை. (கோவை)

விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் மெய்ப்புப் பாருங்கள். நாட்டுடைமையான தமிழ் நூல்களின் பக்கங்கள் அங்கே ஆயிரக்கணக்கில் காத்திருக்கின்றன. மூலப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்து எழுத்துப் பிழை திருத்த வேண்டும். பஸ்ஸில் போகும்போது ஒரு பக்கம் முடித்தாலும் சரி.

வெள்ளம் வந்தால் உடனே போகலாமா? (தூத்துக்குடி)

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதே, அப்போது எங்கள் பிள்ளைகளும் கிளம்பினார்கள். முதல் இரண்டு நாள் படகும் நீச்சலும் தெரிந்தவர்களின் வேலை. மாணவர்கள் தேவைப்படுவது தண்ணீர் வடிந்த பிறகு, படம் எடுப்பவர்கள் எல்லோரும் திரும்பிப் போன பிறகு. மம்பட்டி, சாந்துச்சட்டி, பினாயிலோடு ஒரு வீட்டுச் சேற்றை அள்ள ஆறு பேருக்கு அரை நாள் ஆகும். கம்பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் வரும். பழைய துணி மூட்டை கட்டி அனுப்பாதீர்கள். நாங்கள் பிரித்த மூட்டைகளில் கிழிந்த சட்டையும் கோட்டும்கூட இருந்தன. கேட்டவை நைட்டி, புது உள்ளாடை, நாப்கின், கொசுவத்தி, பாய். ஒரு அக்கா அடுப்பு பற்றவைக்கத் தீப்பெட்டி மட்டும் கேட்டார், எங்கள் வண்டியில் அது இல்லை.

குழந்தைகள் இல்லத்தில் பிறந்தநாள் கொண்டாடலாமா? (திருச்சி)

ஒரு நாள் கேக் வெட்டி, படம் எடுத்துப் போட்டுவிட்டு வருவதற்கு என்றால் வேண்டாம். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பொதுவில் போடவே கூடாது. ஆறு மாதம், வாரா வாரம் சனிக்கிழமை கணக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா? முடியும் என்றால் இல்லத்துப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். பருவத்தேர்வு வந்து நிற்க வேண்டியிருந்தால், எந்த வாரம் வரமாட்டேன், எப்போது திரும்புவேன் என்று பிள்ளைகளிடமே சொல்லிவிட்டு நில்லுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.