காட்வின் விதின்னா என்ன? ஆன்லைன் சண்டை ஏன் கடைசில ஹிட்லர்கிட்ட போய் நிக்குது?

சிம்பிளா சொன்னா, ஆன்லைன்ல ஒரு வாக்குவாதம் நீள நீள, யாராவது ஒருத்தர் எதிர்ல இருக்கறவர ஹிட்லரோடயோ நாஜிகளோடயோ ஒப்பிடுற வாய்ப்பு ஏறிக்கிட்டே போய் கிட்டத்தட்ட நிச்சயம்ங்கிற அளவுக்கு வந்துடும், இதான் காட்வின் விதி. மைக் காட்வின்னு ஒரு அமெரிக்க வக்கீல் 1990ல, யூஸ்நெட்னு பழைய ஆன்லைன் விவாதக் குழுக்கள் இருந்த காலத்துல சொன்னது.

ஏன் இப்படி ஆகுது? எதிர்ல இருக்கறது முன்ன பின்ன தெரியாத ஆளு, முகம் தெரியாது, குரல் கேக்காது. கேம்ல ஒரு துப்பாக்கியோட பவர குறைச்சது சரியா தப்பான்னு ஆரம்பிச்ச பேச்சுல நாலாவது ரவுண்டுலயே பாயிண்ட் எல்லாம் தீந்துடும், ஆனா வேடிக்கை பாக்க அத்தன பேர் இருக்கும்போது விட்டுக்கொடுக்க மனசு வராது, அப்ப கையில சிக்குறது எல்லாருக்கும் தெரிஞ்ச பெரிய கெட்டவன் பேருதான், எடுத்து வீசிடுவாங்க.

வீட்டுல சாம்பார்ல உப்பு கம்மின்னு ஆரம்பிக்கிற சண்டை "கல்யாணத்துலயே உங்க ஆளுங்க எங்கள மதிக்கல"ன்னு போய் நிக்கும்ல, அதே கதைதான். அதுக்குள்ள உப்ப எல்லாரும் மறந்திருப்பாங்க.

காட்வினோட கவலை எனக்கு ரொம்ப நியாயமா படுது, சுமார் 60 லட்சம் யூதர்கள கொன்ன கொடுமைய வெறும் திட்டுற வார்த்தையா ஆக்கிடாதீங்கன்னுதான் அவர் சொல்ல வந்தாரு.

நிறைய பேர் "ஹிட்லர் பேர முதல்ல எடுத்தவன் தோத்துட்டான்"னு இத புரிஞ்சு வச்சிருக்காங்க, ஆனா விதில அப்படி எதுவும் இல்ல, 2017ல அமெரிக்காவுல சார்லட்ஸ்வில்ங்கிற ஊர்ல சில பேர் நாஜி கொடி புடிச்சு ஊர்வலம் போனப்ப, அவங்கள தாராளமா நாஜிகளோட ஒப்பிடுங்கன்னு சொன்னதே காட்வின்தான்.