மழையில் ஆட்டம், பிள்ளைகளின் விடாமுயற்சி: சிறுவர் கால்பந்துப் பயிற்சியாளர் பதில்கள்

கேள்வி: என் ஒன்பது வயது மகன் தூறல் போட்டாலே பயிற்சிக்கு வர மாட்டேன் என்கிறான். கட்டாயப்படுத்தலாமா சார்?

பதில்: முதலில் ஏன் என்று கேளுங்கள். பல நேரம் சிக்கல் மழையே இல்லை. ஷூ வழுக்கும், விழுந்தால் கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். வழுக்கலுக்கு அடியில் குமிழ் வைத்த ஷூ போதும். சிரிப்பை நிறுத்துவது பயிற்சியாளர் வேலை. அப்புறமும் தயங்கினால், "இருபது நிமிடம் ஆடு, பிறகு நீயே முடிவு செய்" என்று சொல்லுங்கள். இருபதாவது நிமிடம் வெளியே வந்தால் விட்டுவிடுங்கள். அங்கே பேச்சு மாறினால் அடுத்த முறை உங்களை நம்ப மாட்டான்.

கேள்வி: இடி மின்னலில் ஆடினால் மனஉறுதி வளரும்தானே?

பதில்: வளராது, உயிர்தான் போகும். மின்னலைப் பார்த்து 30 வினாடிக்குள் இடி கேட்டால் அது சுமார் 10 கிலோமீட்டருக்குள் விழுந்திருக்கிறது. உடனே கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போகணும், மரத்தடி கூடாது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். இறுதிப் போட்டியாக இருந்தாலும் இதேதான்.

கேள்வி: மகள் குளிரில் நடுங்கிக்கொண்டே ஆடுகிறாள். விடலாமா?

பதில்: கூடாது. எடையோடு பார்த்தால் சிறுவர்களுக்கு உடல் பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் இறங்கும். நடுங்கினாலே வெளியே அழைத்து உலர்ந்த உடை மாற்றுங்கள். நனைந்த பருத்திச் சட்டையோடு உட்கார வைக்காதீர்கள். பேச்சு குழறினாலோ நடை தடுமாறினாலோ உடனே மருத்துவ உதவி தேவை.

கேள்வி: சேற்றில் ஆறு கோல் வாங்கித் தோற்றுவிட்டு அழுதான். என்ன சொல்வது?

பதில்: அன்றைக்கு ஒன்றும் சொல்லாதீர்கள். வீடு திரும்பும் வழியில் ஆட்டத்தை அலசும் அப்பாக்கள்தான் பல பிள்ளைகளுக்கு மழையைவிடப் பெரிய தொல்லை! மறுநாள், அவன் செய்த ஒரு காரியத்தைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: "ஐந்தாவது கோலுக்குப் பிறகும் பந்தைத் துரத்தினாயே." உளவியல் ஆய்வாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டிவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கடினமான புதிரில் தோற்றதும் சீக்கிரம் தளர்ந்தார்கள், உழைப்பைப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். "நீ பிறவி வீரன்" என்ற பேச்சை நான் தவிர்ப்பது இதனால்தான்.

கேள்வி: பயிற்சியை ரத்து செய்தால் சோம்பேறியாகிவிட மாட்டார்களா?

பதில்: மாட்டார்கள். எப்போது ரத்து என்ற விதியை முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள், போதும்.